தாழ்த்தினால் மட்டும் போதுமா?

இது கொஞ்சம் நீண்ட பதிவு. பள்ளிக்கூடத்தை விட்டு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியும் எனக்குச் சுருக்கமாகச் சொல்ல வரவில்லை. என்னிடம் இயற்பியல் படித்த பிள்ளைகளுக்கு அது தெரியும். தேநீர் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

கலிஃபோர்னியாவில் சான் ஹோசே நகரில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தோம் அல்லவா? "அங்கே என்ன சார் பார்த்தீர்கள்?" என்று பலர் உள்பெட்டியில் கேட்டீர்கள். கோல்டன் கேட் பாலம் பார்த்தேன், கடல் பார்த்தேன். ஆனால் அந்த ஆறு மாதத்தில் அதிக நேரம் நான் பார்த்தது ஒரு பழைய பிக்கப் வண்டியின் அடிவயிற்றை. இன்று அதைப் பற்றித்தான்.

வண்டி 1969-ஆம் ஆண்டு ஷெவர்லே சி-10. நம் ஊர் ஆட்களுக்குப் புரியும்படி சொன்னால், முன்னால் மூன்று பேர் உட்கார ஒரே நீள இருக்கை, பின்னால் திறந்த தொட்டி. அமெரிக்க விவசாயிகளும் கட்டடத் தொழிலாளர்களும் மூட்டையும் மரமும் ஏற்றுவதற்காகச் செய்த வண்டி. 1967 முதல் 1972 வரை வந்த இந்த வடிவத்துக்கு அங்கே பெரிய ரசிகர் கூட்டம் இருக்கிறது. மகன் இதை இரண்டு வருடம் முன்பு வாங்கினான். வாங்கும்போதே யாரோ அதைத் தரையோடு தரையாக இறக்கி வைத்திருந்தார்கள். நீல வண்ணம், பளபளவென்று வட்டுகள். நின்றால் அழகு. ஓடினால் ஆபத்து.

இறக்குவது எதற்கு என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். சான் ஹோசேயில் இது ஒரு பண்பாடு. மெக்சிகோ வம்சாவளி மக்கள் கார்களைத் தாழ்த்தி, வண்ணம் தீட்டி, ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தெருவில் ஊர்வலம் போல ஓட்டுவார்கள். லோரைடர் என்று பெயர். அந்தப் பெயரிலேயே ஒரு பத்திரிகை 1977-இல் இதே ஊரில்தான் தொடங்கியது. 1958-இல் கலிஃபோர்னியா அரசு, சக்கர வட்டின் கீழ் விளிம்பைவிடத் தாழ்வாக வண்டியின் எந்தப் பாகமும் இருக்கக்கூடாது என்று சட்டம் போட்டது. அடுத்த ஆண்டே ஓர் இளைஞர் ஹைட்ராலிக் பம்பு வைத்து, வேண்டும்போது ஏறி வேண்டும்போது இறங்கும் காரைச் செய்துவிட்டார். அந்தத் தடை 2024 ஜனவரி முதல் நாள்தான் நீங்கியது. ஏறத்தாழ 65 ஆண்டுகள் காவல்துறைக்கும் இவர்களுக்கும் இழுபறி. "தாழ்வாக, மெதுவாக" என்பது அவர்கள் தாரக மந்திரம். அதில் "மெதுவாக" என்பது பாதி மந்திரம். மகன் வண்டியை வாங்கியபோது முதல் பாதியை மட்டும் வாங்கிவிட்டான். அவன் ஓட்டுவது ஊர்வலத்தில் அல்ல, மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில் எல்லோரும் பறக்கும் நெடுஞ்சாலையில்.

நாங்கள் போன இரண்டாவது வாரம் அது நடந்தது. பேத்தியைப் பாட்டு வகுப்பிலிருந்து அழைத்துக்கொண்டு வந்திருக்கிறான். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவில் பாலத்தின் இணைப்பு ஒன்று லேசாகத் துருத்திக்கொண்டிருக்கும். அதன்மேல் ஏறியதும் பின்பக்கம் 'டம்' என்று இடித்து, வண்டியின் வால் ஓர் அடி வெளியே தள்ளிப் போய்விட்டது. பக்கத்தில் வண்டி எதுவும் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் பேத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள், "தாத்தா, டிரக் டான்ஸ் ஆடிச்சு." மகன் சிரிக்கவில்லை.

மருமகள் அன்று இரவு சத்தம் போடவில்லை. என்னிடம் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மாமா, நீங்க பிசிக்ஸ் வாத்தியார். நீங்களே சொல்லுங்க. பாப்பாவை இதுல ஏத்தலாமா?"

"இன்னிக்கு இருக்கிற நிலைமையில வேண்டாம்மா" என்றேன். மகன் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். வண்டியை விற்றுவிடலாமா என்றுகூட ஒரு நாள் பேச்சு வந்தது. "முதல்ல ஏன் அப்படி ஆச்சுன்னு பார்ப்போம்டா. காரணம் தெரியாம வித்தா வாங்குறவன் பிள்ளை அதுல உட்காரும்" என்றேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

இப்போது கொஞ்சம் பாடம்.

வண்டியைத் தாழ்த்தினால் வளைவில் நன்றாகப் பிடிக்க வேண்டும். இதுதான் புத்தகம் சொல்வது. வளைவில் திரும்பும்போது எடை உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும். எவ்வளவு மாறும் என்பது ஈர்ப்பு மையத்தின் உயரத்தை, இரு சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தால் வகுத்தால் வரும் விகிதத்தைப் பொறுத்தது. கணக்குக்காக, ஆட்களோடு சேர்த்து வண்டி 1,700 கிலோ, அகலம் 160 செ.மீ., ஈர்ப்பு மையம் 65 செ.மீ. உயரம் என்று வைப்போம். புவியீர்ப்பில் பாதி அளவு பக்கவாட்டு முடுக்கம் வரும் வளைவில் சுமார் 345 கிலோ எடை வெளிப்பக்கம் போகும். 10 செ.மீ. இறக்கிவிட்டால் 292 கிலோ. 53 கிலோ லாபம். உள்பக்க டயருக்கும் வேலை மிச்சமிருக்கும், நான்கு டயரும் சேர்ந்து பிடிக்கும்.

அப்படியானால் தாழ்ந்த வண்டி ஏன் டான்ஸ் ஆடியது?

ஏனென்றால் தாழ்த்தும்போது ஈர்ப்பு மையம் மட்டும் இறங்குவதில்லை. அதோடு கோத்திருக்கும் ஒவ்வொரு கம்பியின் சாய்வும் மாறுகிறது. ஸ்பிரிங் அசைய இருந்த இடம் சுருங்குகிறது. ஷாக் அப்சார்பர் தன் நீளத்தின் கடைசியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒன்றை மாற்றினோம், மற்ற ஆறு தாமாகவே மாறிவிட்டன. முந்தைய உரிமையாளர் அந்த ஒன்றைச் செய்துவிட்டு ஆறையும் அப்படியே விட்டிருந்தார்.

முதல் நாள் ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடவில்லை. ஒரு நோட்டு, ஒரு டேப், ஒரு டார்ச். படுத்துக்கொண்டு அளந்தோம். முன் ஸ்பிரிங்குகளை வெட்டிக் குட்டையாக்கியிருந்தார்கள். வெட்டிய ஸ்பிரிங் முன்பைவிட விறைப்பாகும். சுற்று எண்ணிக்கை குறையக் குறைய விறைப்பு கூடும் என்பது பாடத்திலேயே இருக்கிறது. ஆனால் குறைந்துபோன இடத்தை ஈடுகட்டும் அளவுக்கு அந்த விறைப்பு போதவில்லை. பின்பக்கம் இன்னும் மோசம். ஆக்ஸிலுக்கும் அதன் மேலே போகும் சேஸிஸ் சட்டத்துக்கும் நடுவே என் இரண்டு விரல்தான் நுழைந்தது. பள்ளமோ மேடோ வந்தால் ஆக்ஸில் இரண்டு விரல் தூரம் மேலே போய்ச் சட்டத்தில் இடிக்கும். இடித்த அந்த நொடியில் ஸ்பிரிங் என்ற ஒன்றே வண்டியில் இல்லை. இரும்போடு இரும்பு. அதிர்ச்சி முழுவதும் டயருக்குப் போகும். வளைவின் நடுவில் அது நடந்தால் டயர் பிடியை விட்டுவிடும். பேத்தி சொன்ன டான்ஸ் இதுதான்.

அடுத்த தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். எழுபத்தைந்து வயதுக்கு மேல். கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இளமையில் தானே நான்கு வண்டிகளை இறக்கியவர். வந்து குனிந்து பார்த்தார். தன் மொழியில் ஏதோ சொன்னார். மகன் மொழிபெயர்த்தான்: "இந்த வண்டியை நிறுத்தி வைக்கத் தாழ்த்தியிருக்கிறார்கள், ஓட்டுவதற்கு அல்ல." நான் மூன்று நாள் நோட்டில் எழுதியதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதில்தான் எனக்கும் மகனுக்கும் முதல் வாக்குவாதம். அவன் எல்லாப் பாகமும் அடங்கிய ஒரு பெட்டியை வரவழைத்து ஒரே வாரக் கடைசியில் மாட்டிவிடலாம் என்றான். நான் ஒரு நேரத்தில் ஒன்றுதான் என்றேன். ஆய்வகத்தில் நான்கு மாறிகளை ஒன்றாக மாற்றினால் எதனால் என்ன நடந்தது என்று எப்படித் தெரியும்? ஒரே சாலை, ஒரே வேகம், டயரில் ஒரே காற்றழுத்தம். ஒரு மாற்றம் செய், ஓட்டு, எழுது. "அப்பா, உங்க ரிக்கார்டு நோட்டு இங்கயும் வந்துடுச்சா" என்று அலுத்துக்கொண்டான். ஆனால் ஒத்துக்கொண்டான்.

முதல் வேலை செலவில்லாத வேலை: தேய்ந்ததை மாற்றுவது. டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கங்கள் எந்த வாரம், எந்த ஆண்டு செய்தது என்று சொல்லும். இவனுடையது பதினோரு வயது டயர். பட்டன் நன்றாகத்தான் இருந்தது, ரப்பர் கல்லாகியிருந்தது. முன் கைகளின் ரப்பர் புஷ்கள் ஐம்பது வருடத்தில் பொடியாகியிருந்தன. ஸ்டீயரிங் தண்டில் துணியும் ரப்பரும் கலந்த ஓர் இணைப்பு உண்டு, அதுவும் கிழிந்திருந்தது. இவற்றை மாற்றியதுமே ஸ்டீயரிங்கில் இருந்த நான்கு விரல் பிளே ஒரு விரலாகக் குறைந்தது. பழைய வண்டி ஓட்டும் யாருக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். ஆட்டம் காணும் அடித்தளத்தின்மேல் புதிய பாகம் போடாதீர்கள்.

அடுத்து முன்பக்கம். இங்கேதான் விஷயம் சுவையானது.

இந்த வண்டியின் முன்சக்கரத்தை மேலே ஒரு கை, கீழே ஒரு கை என இரண்டு கைகள் பிடித்திருக்கின்றன. உங்கள் இரு கைகளையும் முன்னால் நீட்டி ஒரு பானையைப் பிடித்துக்கொள்வதாக நினையுங்கள். கைகள் ஏறக்குறைய கிடைமட்டமாக இருந்தால் பானை மேலும் கீழும் நேராகப் போய் வரும். கைகள் ஏற்கனவே மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால், இன்னும் தூக்கும்போது பானை உங்கள் பக்கம் இழுபட்டுச் சாயும். ஸ்பிரிங்கை வெட்டி இறக்கினால் கைகள் அந்தச் சாய்ந்த நிலைக்குப் போய்விடுகின்றன. அதோடு இன்னொரு சங்கடம். வண்டி வளைவில் சாயும்போது ஏதோ ஓர் அச்சைச் சுற்றித்தான் சாய்கிறது. அந்த அச்சின் இடத்தை இந்தக் கைகளின் கோணம்தான் தீர்மானிக்கிறது. உடல் இரண்டு அங்குலம் இறங்கினால் அந்த அச்சு அதைவிட அதிகம் இறங்கும். ஈர்ப்பு மையத்துக்கும் அச்சுக்கும் உள்ள தூரம் நெம்புகோல் போல நீளும். ஆகவே தாழ்ந்த வண்டி முன்பைவிட அதிகமாகச் சாயும்! கேட்க விநோதமாக இருக்கும். எங்கள் வண்டியில் அதுதான் நடந்தது.

இதற்கு ஓர் அழகான தீர்வு இருக்கிறது. சக்கரம் சுழலும் அச்சுத்தண்டை, அதைத் தாங்கும் வார்ப்பில் இரண்டரை அங்குலம் மேலே வைத்துச் செய்த புதிய பாகம் கிடைக்கிறது. டிராப் ஸ்பிண்டில் என்கிறார்கள். சக்கரம் மேலே போவதால் வண்டி இரண்டரை அங்குலம் இறங்கும். ஆனால் கைகள் தொழிற்சாலையில் வைத்த கோணத்திலேயே இருக்கும், ஸ்பிரிங்குக்கு முழு இடமும் இருக்கும். உயரத்தை எங்கே வெட்டுவது என்பதில்தான் சூட்சுமம். அதோடு ஓர் அங்குலம் மட்டும் தாழ்ந்த, முறையாகச் சுருட்டிய புதிய ஸ்பிரிங். வெட்டிய ஸ்பிரிங் இரும்புக் கடைக்குப் போனது. 1969-இல் இந்த வண்டிக்கு முன்பக்கமும் டிரம் பிரேக்தான். சி-10-இல் முன் டிஸ்க் பிரேக் 1971 முதல்தான் எல்லா வண்டிக்கும் வந்தது. ஸ்பிண்டிலோடு டிஸ்க்கையும் மாட்டிவிட்டோம்.

மொத்தக் கணக்கில் முன்பக்கம் பழைய நான்கு அங்குலத் தாழ்வு மூன்றரை ஆனது. மகன் முகம் வாடிவிட்டது. "அரை அங்குலம் போச்சே அப்பா." பெரியவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அரை அங்குலத்தை உன்னைத் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள்" என்றார்.

அடுத்து, மேடு ஏறும்போது சக்கரம் தானாகத் திரும்பும் வியாதி. சக்கரத்தைத் திருப்பும் டை ராட் ஒரு கம்பி. அது சக்கரம் ஏறி இறங்கும்போது ஒரு வட்ட வில்லில் போகும். கைகள் வேறொரு வில்லில் போகும். இரண்டு வில்லும் ஒத்துப்போகாவிட்டால், நீங்கள் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும்போதே சக்கரம் கொஞ்சம் உள்ளேயோ வெளியேயோ திரும்பும். ஓட்டுபவருக்கு வண்டி அலைபாய்வதாகத் தெரியும். இதை அளக்க நான் ஒரு யோசனை சொன்னேன். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கர வட்டில் ஒரு லேசர் பேனாவைக் கட்டி, ஐந்து மீட்டர் தள்ளியிருந்த சுவரில் புள்ளி விழச் செய்தோம். ஜாக்கியால் சக்கரத்தை ஒவ்வோர் அங்குலமாகத் தூக்கினோம். சக்கரம் அரை டிகிரி திரும்பினால் சுவரில் புள்ளி நான்கு செ.மீ.க்கு மேல் நகரும். கால்வனாமீட்டர் கண்ணாடியில் விளக்கொளியைப் பட வைத்து அளவுகோலில் படிப்போமே, அதே தத்துவம். முன்பு இதே முறையில் அளந்தபோது புள்ளி சுவரில் ஒரு சாண் ஓடியது. ஸ்பிண்டில் மாற்றியபின் ஒரு விரல் அகலம்தான். மகன் அந்தச் சுவரில் பென்சிலால் குறித்த கோடுகளை இன்னும் அழிக்கவில்லை. பேத்தி அதற்கு மேல் தன் உயரத்தையும் குறித்து வைத்திருக்கிறாள்.

பின்பக்கம் போவோம். இந்த வண்டியில் பட்டை ஸ்பிரிங் கிடையாது, சுருள் ஸ்பிரிங். இரண்டு நீண்ட இரும்புக் கைகள் ஆக்ஸிலிலிருந்து முன்னோக்கிப் போய், கேபினுக்குக் கீழே நடுவில் நெருங்கி முடிகின்றன. சாதாரண சரக்கு வண்டிக்குச் செய்த இந்த அமைப்பை நாஸ்கார் பந்தயக்காரர்கள் எடுத்துக்கொண்டு, அதன் உயர்நிலைப் பந்தயத்தில் 2021 வரை பயன்படுத்தினார்கள். ஆகவே அடிப்படை அமைப்பில் குறையில்லை.

குறை இரண்டு இடத்தில். ஒன்று, ஆக்ஸில் இடிப்பது. பெரியவர் வந்து ஆக்ஸிலுக்கு நேர்மேலே சட்டத்தில் பிறை வடிவத்தில் வெட்டி, அதைவிடக் கனமான தகட்டை உள்ளேயும் வெளியேயும் வைத்து வெல்டு செய்தார். இதை அனுபவமில்லாதவர் செய்யக்கூடாது. வெட்டிய சட்டம் பலவீனமான சட்டம். சேர்க்கும் இரும்பு வெட்டியதைவிடப் பலமாக இருக்க வேண்டும். இரண்டு விரல் இருந்த இடம் ஒரு கை அகலமானது. ஸ்பிரிங்கையும் ஓர் அங்குலம் ஏற்றினோம். மகன் இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது, ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் குறுக்குக் கம்பி. ஒரு முனை சட்டத்தில், மறுமுனை ஆக்ஸிலில். வண்டி பழைய உயரத்தில் இருந்தால் அது ஏறக்குறைய கிடைமட்டமாக இருக்கும். இறக்கினால் சாய்ந்துவிடும். கணக்குக்கு எளிதாகக் கம்பி 60 செ.மீ., ஒரு முனை மற்றதைவிட 12 செ.மீ. உயரம் என்று வையுங்கள். 3 செ.மீ. மேடு ஏறினால் பிதாகரஸ் தேற்றப்படி ஆக்ஸில் ஏறக்குறைய 7 மி.மீ. பக்கவாட்டில் தள்ளப்படும். அதே இடத்தில் 100 செ.மீ. கம்பியைக் கிடைமட்டமாக மாட்டினால் அரை மி.மீ.கூட வராது. ஒவ்வொரு மேட்டிலும் பின்பக்கத்தை யாரோ இடுப்பில் தள்ளுவது போன்ற உணர்வுக்கு இந்த 7 மி.மீ.தான் காரணம். நீளமான, சரிசெய்யக்கூடிய கம்பி ஒன்றை வாங்கிக் கிடைமட்டமாக மாட்டினோம். செய்த வேலைகளிலேயே குறைந்த செலவில் அதிகப் பலன் தந்தது இதுதான் என்று என் நோட்டு சொல்கிறது.

ஷாக் அப்சார்பர் பற்றி ஒரு வார்த்தை. ஸ்பிரிங் சக்தியைச் சேமிக்கும். ஷாக் அதைச் செலவழிக்கும். சேமிக்கத் தெரிந்து செலவழிக்கத் தெரியாத வீடு எப்படி இருக்கும்? குதித்துக்கொண்டே இருக்கும். புதிய உயரத்துக்கு ஏற்ற நீளத்தில், பாதித் தூரத்தில் நிற்கும்படி ஷாக் போட வேண்டும். அவ்வளவுதான்.

சாய்வைக் குறைக்க, இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் முறுக்குக் கம்பி. இதில் ஓர் எச்சரிக்கை. கம்பியின் முறுக்கு விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. ஓர் அங்குலக் கம்பியை ஒன்றேகால் அங்குலமாக்கினால் கால் பங்கு கூடுவதில்லை, ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஆகிவிடும். மகன் கடையிலேயே பருமனானதைக் கேட்டான். காலி பிக்கப்பின் எடையில் பெரும்பகுதி முன்னால்தான். முன்பக்கத்தை மட்டும் இப்படி விறைப்பாக்கினால் முன் டயர் முதலில் பிடியை விட்டு, ஸ்டீயரிங் திருப்பியும் வண்டி நேராகப் போகும். நடுத்தரமான ஒன்றை முன்னாலும், மெல்லியதை பின்னாலும் போட்டோம். எடைக்காக இன்னொன்றும் செய்தோம். இந்த வண்டிகளில் பெட்ரோல் டேங்க் இருக்கைக்குப் பின்னால் கேபினுக்குள்ளேயே இருக்கும். பேத்தியின் முதுகுக்கு அரை அடி தள்ளி 75 லிட்டர் பெட்ரோல்! அதை எடுத்துவிட்டு, பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் சட்டங்களுக்கு நடுவே புது டேங்க் வைத்தோம். எடையும் பின்னால் போனது, என் மனபாரமும் இறங்கியது. மூன்று முனை சீட் பெல்ட்டும் மாட்டினோம்.

கடைசியாக வீல் அலைன்மென்ட். கடைக்காரர் 1969-இன் அட்டவணையைப் போட்டு வைக்கப் பார்த்தார். அது அந்தக் காலத்து டயருக்கும், பவர் ஸ்டீயரிங் இல்லாமல் கையால் திருப்புபவருக்கும் எழுதியது. சைக்கிளின் ஃபோர்க் முன்னோக்கிச் சாய்ந்திருப்பதும் கையை விட்டாலும் நேராகப் போக உதவுகிறது அல்லவா? காரிலும் அந்தச் சாய்வு உண்டு, காஸ்டர் என்று பெயர். அதிகமானால் நெடுஞ்சாலையில் நேராக ஓடும், ஆனால் திருப்பக் கனமாக இருக்கும். அதனால் அன்று குறைவாக வைத்தார்கள். இவன் வண்டியில் பவர் ஸ்டீயரிங் இருந்தது, டயர் ரேடியல். ஐந்து டிகிரிக்குப் பக்கத்தில் காஸ்டர், சக்கரத்தின் தலை மிக லேசாக உள்பக்கம் சாய்வு, இம்மி அளவு டோ-இன் வைக்கச் சொன்னோம்.

இவ்வளவுக்கும் நான்கு மாதம் ஆனது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே சாலை, அதே வளைவு. முதல் பக்கத்தில் நான் எழுதியது: "இணைப்பின்மேல் இடி. வால் விலகல். இரு கையாலும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது." கடைசிப் பக்கத்தில்: "இணைப்பு தெரிந்தது. வேறொன்றும் இல்லை."

மகன் உடனே பேத்தியை ஏற்றத் துடித்தான். நான் சொன்னேன், "தீர்ப்பு உன்னுதும் இல்ல, என்னுதும் இல்ல. கேட்டவங்ககிட்ட சாவியக் குடு." மருமகள் தனியாக ஓட்டிக்கொண்டு போனாள். இருபது நிமிடம். திரும்பி வந்து சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "ஞாயித்துக்கிழமை பாப்பாவை அப்சர்வேட்டரிக்குக் கூட்டிட்டுப் போங்க மாமா. மெதுவா" என்றாள். மந்திரத்தின் இரண்டாவது பாதியை அவள்தான் சேர்த்தாள்.

ஊருக்குக் கிழக்கே ஹாமில்டன் மலை. உச்சியில் 1888-இல் திறந்த லிக் வானாய்வகம். வியாழனின் ஐந்தாவது நிலவை 1892-இல் பர்னார்ட் கண்டுபிடித்த 36 அங்குலத் தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. அந்த மலைச்சாலையை 1870-களில் குதிரைவண்டிகளுக்காக அமைத்தார்கள். குதிரை இழுக்க வேண்டுமே என்று ஏற்றத்தை மிதமாக வைத்து, அதற்கு ஈடாக வளைவுகளை அடுக்கிவிட்டார்கள். பேத்தி நடுவில், நான் ஜன்னலோரம். எண்ணிக்கொண்டே வந்தவள் நூறைத் தாண்டியதும் தூங்கிவிட்டாள். அந்தத் தூக்கத்தைவிட நல்ல சான்றிதழ் எனக்குத் தெரியாது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள தயாரிப்பாளர் விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்த முடியாது. இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்பிரிங்கை வெட்டக் கிளம்ப வேண்டாம். ஆனால் பழைய வண்டி வைத்திருக்கும் எவருக்கும் பயன்படும் சிலவற்றை மட்டும் தொகுக்கிறேன்.

1. டயரின் வயதைப் பாருங்கள், பட்டனை மட்டும் பார்க்காதீர்கள்.
2. புஷ், பால் ஜாயிண்ட், டை ராட் முனை, ஸ்டீயரிங் பிளே ஆகியவற்றைச் சரிசெய்த பிறகே வேறு வேலை.
3. ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள். தீயால் சூடுபடுத்தி அமுக்குவது அதைவிடக் கேடு; எஃகின் பதம் போய்விடும்.
4. வண்டி இடிக்கிறது என்றால் எங்கே இடிக்கிறது என்று படுத்துப் பாருங்கள்.
5. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். எழுதி வையுங்கள்.
6. சரியாகிவிட்டதா என்று செய்தவரைக் கேட்காதீர்கள். பயந்தவரைக் கேளுங்கள்.

முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் நின்றவன் என்பதால் ஒரு வார்த்தை கூடுதலாக. நம் பள்ளிகளிலும் இப்படித்தான் அடிக்கடி ஒன்றை மட்டும் மாற்றுவார்கள். புதிய பாடப்புத்தகம் வரும். ஆய்வகம் பழையது, பாடவேளை பழையது, வினாத்தாள் பழையது. பிறகு பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்று பிள்ளைகளைக் குறை சொல்வோம். மாற்றம் தவறில்லை. அதோடு சேர்ந்து அசைந்துவிட்ட மற்ற கம்பிகளை யார் குனிந்து பார்ப்பது என்பதுதான் கேள்வி.

என் மாணவர்களில் பலர் இன்று பட்டறை வைத்திருக்கிறீர்கள், பேருந்து ஓட்டுகிறீர்கள், வாகனத் தொழிற்சாலைகளில் இருக்கிறீர்கள். நான் எழுதியதில் உங்கள் அனுபவத்துக்கு மாறாக ஏதாவது தெரிந்தால் கீழே எழுதுங்கள். குறிப்பாக நம் ஊர் வேகத்தடைகளில் ஷாக் அப்சார்பர் எத்தனை மாதம் தாங்குகிறது என்று யாராவது கணக்கு வைத்திருந்தால் சொல்லுங்கள். நோட்டில் இன்னும் சில பக்கங்கள் காலியாக இருக்கின்றன.